தற்காப்புக் கலைப் படக்கதைகளும் நம் தீர்ப்பும்



நாங்கள் தோட்டத்தை விட்டு வெளியேறிச் செராஸ் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியேறியது 1983ஆம் ஆண்டில். ரப்பர் மரங்கள் நின்ற மேடுகளில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துகொண்டிருந்த காலம் அது. லயத்து வாசற்படியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிப் பழகிய எங்களுக்கு, இரும்புக் கதவு போட்ட நான்காவது மாடி வீடு ஒரு கூண்டு போலத்தான் தோன்றியது. எதிர்வீட்டில் ஒரு சீனக் குடும்பம். அந்த வீட்டு அம்மாள் தையல் வேலை செய்பவர். அவருடைய மகனுக்கும் என் மகனுக்கும் ஒரே வயது, பதினொன்று. அவன் சீனப் பள்ளி, இவன் தமிழ்ப் பள்ளி. இருவருக்கும் பொதுவாக இருந்தது கடைத்தெரு மலாய்தான்.

ஒருநாள் மாலை நான் வேலை முடிந்து வந்தபோது, என் மகன் வீட்டுப் பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு சீனப் படக்கதைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தான். பிடுங்கிப் பார்த்தேன். தலைமயிர் பறக்க ஒருவன் ஆகாயத்தில் நிற்கிறான். அவன் உள்ளங்கையிலிருந்து மின்னல் புறப்படுகிறது. எதிரே இருப்பவன் இரத்தம் கக்கி விழுகிறான். "இதைப் படித்தா நீ உருப்படப் போகிறாய்?" என்று கேட்டுக்கொண்டே இரண்டாகக் கிழித்தேன். அவன் அழவில்லை. "அப்பா, அது நம்முடையது இல்லை. எதிர்வீட்டுப் பையனுடையது," என்றான்.

இரவல் வாங்கிய பொருளைக் கிழித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை மகனையும் அழைத்துக்கொண்டு சந்தைப் பக்கம் இருந்த புத்தகக் கடைக்குப் போனேன். துணி காயப்போடுவது போலக் கயிறு கட்டி, முப்பது நாற்பது படக்கதைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். என் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். அதே பறக்கும் தலைமயிர், அதே மின்னல். ஆனால் என் மகன் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனான். "இது வேறு ஆள் வரைந்தது. இது நன்றாக இருக்காது. இது அந்தக் கதைதான், ஆனால் போன மாத இதழ்." ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாத மொழியில் அவனுக்கு நல்லதும் கெட்டதும் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அன்று முதல் இந்தப் படக்கதைகளின் வரலாற்றைத் தேடி அறியத் தொடங்கினேன். அறிந்ததில் ஒரு பகுதியைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இந்தக் கதைகளின் மீது பெரியவர்கள் சொல்லும் முதல் குற்றச்சாட்டு, "எல்லாம் ஒரே கதை" என்பது. குருவைக் கொன்றுவிடுகிறார்கள். சிறுவன் தப்பி மலைக்கு ஓடுகிறான். அங்கே ஒரு கிழவர் இரகசிய வித்தை கற்றுத் தருகிறார். திரும்பி வந்து பழி வாங்குகிறான். நடுவில் ஒரு போட்டி மேடை. அதில் சிறிய எதிரி முதலில், பெரிய எதிரி கடைசியில். அடிக்கும் முன்னர் அடியின் பெயரை உரக்கக் கூவுகிறார்கள். உண்மைதான், மறுப்பதற்கில்லை.

ஆனால் நேயர்களே, ஒரே வழியில் போகும் கதை நமக்குப் புதிதா? 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தன் முருங்கை மரத்தில் ஏறி உடலை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு எத்தனை ஆண்டுகள் நடந்தான்? ஒவ்வொரு முறையும் வேதாளம் கதை சொல்லும், கேள்வி கேட்கும், மீண்டும் மரம் ஏறும். "போன மாதமும் மரம் ஏறியதே" என்று யாரும் புத்தகத்தை வீசி எறியவில்லை. இந்த மாதக் கேள்வி எப்படிப்பட்டது என்றுதான் பார்த்தோம். இன்னும் மேலே போனால், நம் பரணி இலக்கியம் இருக்கிறது. போரில் ஆயிரம் யானைகளை வீழ்த்திய வீரனைப் பாடுவது பரணி என்று இலக்கணம் உண்டு. கடை திறக்க வேண்டும், பாலைக் காட்டைப் பாட வேண்டும், காளியின் கோயிலைப் பாட வேண்டும், பசித்த பேய்களைக் காட்ட வேண்டும், முடிவில் அந்தப் பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைக்க வேண்டும். முதற் குலோத்துங்கனின் கலிங்கப் போரைச் செயங்கொண்டார் பாடியபோது இந்த முறையை விட்டு விலகவில்லை. பேய் கூழ் அடுகிறது, ஆகவே இது மட்டமான நூல் என்று எந்தப் புலவரும் சொன்னதில்லை. அந்தக் கூழை அவர் எப்படிச் சமைக்க வைத்தார் என்பதில்தான் கவிஞரின் திறம் இருக்கிறது.

நம் நூலுக்கு ஓர் அளவுகோல், அண்டை வீட்டுக்காரனின் நூலுக்கு வேறோர் அளவுகோல் என்றால் அது முறையாகாது.

சரி, இந்தச் சீனப் படக்கதைகளின் வழக்கங்கள் எங்கிருந்து வந்தன? 1920களில் ஷாங்காய் நகரத்தில் உள்ளங்கை அளவிலான சிறு படப் புத்தகங்கள் வெளிவந்தன. தெருவோரக் கடையில் சில காசுகளுக்கு வாடகைக்கு எடுத்து, அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து படித்துத் திருப்பித் தருவார்கள். படித்தவர்களில் பெரும்பாலோர் சிறுவர்களும் கூலி வேலை செய்பவர்களும். 1928இல் 'செந்தாமரைக் கோயில் எரிந்தது' என்ற பொருள்படும் பெயரில் ஒரு வாள்வீரர் திரைப்படம் வந்து பெருவெற்றி பெற்றது. மூன்றே ஆண்டுகளில் பதினெட்டுப் பாகங்கள்! கைவீச்சில் ஒளி பாய்வதும் வானத்தில் பறப்பதும் அந்தத் திரையிலேயே வந்துவிட்டன. மூட நம்பிக்கையை வளர்க்கிறது என்று சொல்லி அன்றைய அரசு 1931இல் இவ்வகைப் படங்களைத் தடை செய்தது.

படப் புத்தகங்களையும் கற்றவர்கள் இகழ்ந்தார்கள். அப்பொழுது அவற்றுக்காக வாதாட முன்வந்தவர் யார் தெரியுமா? நவீனச் சீன இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படும் லூ சுன். 1932இல் அவர் தொடர்படங்களுக்கு ஆதரவாகவே ஒரு கட்டுரை எழுதினார். ஐரோப்பியத் தேவாலயங்களின் சுவர்களில் மைக்கலாஞ்சலோ போன்ற மேதைகள் வேதாகமக் கதைகளை வரிசையாக வரைந்தார்களே, அவையும் தொடர்படங்கள் அல்லவா என்பது அவருடைய வாதம். படக்கதை என்ற வடிவம் தாழ்ந்தது அல்ல. அதில் வரைபவன் தாழ்ந்ததையும் வரையலாம், உயர்ந்ததையும் வரையலாம். இதைச் சொன்னவர் மூட நம்பிக்கைக்கு நண்பர் அல்லர், கடும் பகைவர். அதனால்தான் அவர் சொல்லுக்கு எடை அதிகம்.

இனி ஹாங்காங்குக்கு வருவோம். 1954ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் மக்காவ் நகரில் இரண்டு தற்காப்புக் கலை ஆசான்கள் மேடையில் மோதினார்கள். ஒருவர் தாய்ச்சி முறையினர், மற்றவர் வெண்கொக்கு முறையினர். மோதல் இரண்டே சுற்றில், வெற்றி தோல்வி இன்றி முடிந்தது. ஆனால் ஊரெல்லாம் அதே பேச்சு. அந்தப் பரபரப்பைப் பயன்படுத்திக்கொண்டு ஹாங்காங் மாலை நாளிதழ் ஒன்று மூன்றே நாட்களில் லியாங் யூஷெங் என்ற எழுத்தாளரின் வீரத் தொடர்கதையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஜின் யோங் எழுத வந்தார். இவர்களுடைய தொடர்கதைகள் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பரவலாகப் படிக்கப்பட்டன. போட்டி மேடை என்ற வழக்கத்தைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அதற்குப் பின்னால் ஒரு மெய்யான மேடை இருந்திருக்கிறது.

அதே காலத்தில், 1953ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில், ஹாங்காங்கின் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதி தீப்பற்றி எரிந்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். அதன்பின் அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டிக்கொண்டே போனது. சிறு அறைகள், பொதுக் கழிப்பறை, நீண்ட நடைபாதை. பெற்றோர் தொழிற்சாலையில், பிள்ளைகள் மாடிப்படியில். அந்தப் பிள்ளைகளைச் சுற்றி இரகசியக் குண்டர் கும்பல்கள். இந்தச் சூழலில்தான் 1970இல் வோங் யூக் லோங் என்ற இருபது வயது இளைஞர் 'சின்னப் போக்கிரிகள்' என்று பொருள்படும் படக்கதையைத் தொடங்கினார். பதின்ம வயதிலேயே பள்ளியை விட்டுப் படம் வரையப் போனவர் அவர். அவருடைய நாயகர்கள் அரச குமாரர்கள் அல்லர். அடுக்குமாடியில் வாழும் ஏழைப் பையன்கள். தங்கள் குடியிருப்பை மிரட்டும் குண்டர்களை அவர்கள் கையாலும் காலாலும் எதிர்க்கிறார்கள்.

செராஸ் மாடியில் நின்றுகொண்டு இந்த வரலாற்றைப் படித்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. என் மகன் அந்தப் புத்தகத்தில் பார்த்தது வேற்றுலகத்தை அல்ல. இரும்புக் கதவையும் மாடிப்படியையும், படிக்கட்டுக்குக் கீழே கூடி நிற்கும் முரட்டுப் பையன்களையும்தான் பார்த்திருக்கிறான். தோட்டத்தில் தண்டலும் கங்காணியும் அதட்டியது போல, இங்கே வேறு சிலர் அதட்டினார்கள். அதை என்னிடம் அவன் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

வோங் வரைந்த சண்டைகளில் தொடக்கத்தில் இரத்தம் மிகுதி. எலும்பு முறிவதும் குடல் சரிவதும் பக்கம் பக்கமாக வந்தன. ஆசிரியர்களும் பெற்றோர்களும் குரல் எழுப்பினார்கள். 1975இல் ஹாங்காங் அரசு தகாத வெளியீடுகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. வோங் சாமர்த்தியசாலி. அந்தச் சட்டம் நாளிதழ்களைத் தொடாது என்று கண்டு, தாமே ஒரு நாளிதழைத் தொடங்கி அதில் கதையைப் போட்டார்! பிறகு படக்கதையின் பெயரையும் 'லுங் ஃபூ மூன்' என்று மாற்றினார். நாகமும் புலியும் சேர்ந்த கூடம் என்று பொருள். வெட்டும் குத்தும் குறைந்தன. அவற்றின் இடத்தில் உள்மூச்சின் வலிமை, உள்ளங்கையிலிருந்து பாயும் ஒளி, பெயர் சூட்டிய அடிவகைகள் வந்து நிறைந்தன. இந்த ஒளி 1964இல் வந்த 'புத்தரின் கரம்' என்ற திரைப்படத்திலேயே படச்சுருளின் மேல் கையால் வரையப்பட்டதுதான். ஆனால் படக்கதையில் அது அந்த அளவுக்குப் பெருகியதற்கு ஒரு காரணம், இரத்தத்தைக் காட்டத் தடை வந்ததே. நான் எந்த மின்னலைக் கண்டு புத்தகத்தைக் கிழித்தேனோ, அந்த மின்னல் பிள்ளைகளைக் காப்பதற்காகக் கொண்டுவந்த சட்டத்துக்கு ஓரளவு கடன்பட்டது.

இந்தப் புத்தகங்கள் தயாராகும் முறையையும் சொல்லிவிடுகிறேன். தலைமை ஓவியர் கதையின் ஓட்டத்தையும் முக்கிய முகங்களையும் வரைவார். உடலை ஒருவர், கட்டடத்தை ஒருவர், ஆயுதத்தை ஒருவர், வண்ணத்தை ஒருவர் என்று பலர் சேர்ந்து முடிப்பார்கள். வாரம் ஓர் இதழ் வந்தாக வேண்டும். பால் வெட்டுபவர், எடை போடுபவர், தொழிற்சாலையில் தகடு போடுபவர் என்று ஒரு ரப்பர்த் தகடு பல கை மாறுவதை அறிந்த உங்களுக்கு இது எளிதில் புரியும். அவசரத்தில் ஒரே முகம் பத்து உடலுக்கு வருவதும், ஒரே நிலை பத்துச் சண்டைக்கு வருவதும் இதனால்தான். அதற்காக மன்னிக்கச் சொல்லவில்லை. எது சோம்பல், எது வழக்கம் என்று பிரித்துப் பார்க்கலாம் என்கிறேன்.

பிரித்துப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் பெரியப்பா. தோட்டத்திலேயே இருந்துவிட்ட அவர் சிலம்ப ஆசான். திருவிழா நாட்களில் தீப்பந்தம் சுற்றுவார். எந்த மொழியிலும் எழுத்து வாசிக்க அறியாதவர். எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்தபோது என் மகன் இரண்டு படக்கதைகளை அவர் மடியில் வைத்தான். மின்னலையும் பறப்பதையும் அவர் பொருட்படுத்தவே இல்லை. விரலை வைத்துப் படத்தின் அடிப்பகுதியைத் தேடினார். "காலைக் காணோமே, தம்பி. காலை மறைத்துப் புகையைப் போட்டிருக்கிறான். இவனுக்கு வரையத் தெரியவில்லை," என்று ஒன்றைத் தள்ளினார். மற்றொன்றைப் பார்த்து, "இவன் பார்த்திருக்கிறான். இடது காலில் பாரம் இருக்கிறது, அதனால்தான் வலது தோள் இறங்கியிருக்கிறது. அடுத்த அடி இங்கேதான் விழும்," என்றார். பக்கத்தைப் புரட்டினோம். அடி அங்கேதான் விழுந்திருந்தது. இவ்வளவு காலமும் நான் கேட்ட விமர்சனங்களில் இதைவிடச் சுருக்கமானதும் நேர்மையானதும் வேறில்லை.

பெரியப்பா ஏற்றுக்கொண்ட அந்தப் புத்தகம் மா விங் ஷிங் வரைந்தது. 1961இல் பிறந்த இவர் வோங்கின் நிறுவனத்தில் வளர்ந்தவர். 1982இல் தனி வார இதழாக வந்த இவருடைய 'சீன வீரன்' என்ற படக்கதை விற்பனையில் பெரும் சாதனை படைத்தது. கதை என்னவோ பழைய கதைதான். பெற்றோரை அந்நியர் கொன்றுவிடுகிறார்கள். மகன் வாளேந்திப் பழி தீர்த்து, கடல் கடந்து அமெரிக்காவுக்குத் தப்புகிறான். ஆனால் மா அந்தப் பழைய பாதையில் ஒரு பெரிய சுமையை ஏற்றிவைத்தார். நாயகன் பிறந்த நட்சத்திரம் தனிமை நட்சத்திரம். அவன் யாரையெல்லாம் நேசிக்கிறானோ அவர்களை இழந்துகொண்டே இருப்பான். ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் அவன் மேலும் தனியனாகிறான். பழி வாங்குவது இனிக்கும் என்று மற்றவர்கள் வரைந்துகொண்டிருந்தபோது, அதற்குக் கொடுக்க வேண்டிய விலையை இவர் வரைந்தார். முகங்களில் நிழலையும் வண்ணத்தையும் ஓவியம் போலத் தீட்டினார். இக்கதையைத் தழுவி 1999இல் வந்த திரைப்படத்தில், அமெரிக்கச் சுரங்கத்தில் சீனக் கூலிகள் அடிமைகளைப் போல நடத்தப்படும் காட்சிகள் உண்டு. 'கூலி' என்ற அந்தச் சொல்லை உலகம் எங்கிருந்து பெற்றது என்று நம் மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் காட்சிகளை என்னால் வேற்றினத்தார் கதையாகப் பார்க்க முடியவில்லை.

நேர்மை என்றால் குறைகளையும் சொல்ல வேண்டும். இந்தப் படக்கதைகளில் பெண்கள் பெரும்பாலும் அழுவதற்கும் கடத்தப்படுவதற்கும் சாவதற்கும்தான் வருகிறார்கள். அந்நியன் என்றால் தீயவன். 'லுங் ஃபூ மூன்' கதையில் பெரும்பகை ஜப்பானில் இருக்கும் ஒரு கூட்டம். அதன் சீனப் பெயரில் இருப்பது நம் 'ராட்சச' என்ற சொல்லேதான். பௌத்த நூல்கள் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது! ஜப்பானியர் ஆட்சியின் கொடுமையைச் சீனர்கள் மறக்கவில்லை என்பது புரிகிறது. சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆட்களை வாரிக் கொடுத்த நாமும் மறக்கவில்லை. இருந்தாலும் ஓர் இனத்தையே ராட்சதர்களாக வரைந்து பத்து வயதுப் பையன் கையில் கொடுப்பது குறைதான். இது மின்னல் போல ஒரு கதை வழக்கம் என்று தள்ளிவிடக் கூடியதல்ல. பரணியில் தோற்ற கலிங்கரை நாம் எப்படிச் சிரித்துக்கொண்டே பாடுகிறோம் என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

நம் பெருமையைத் தொடும் ஒரு செய்தியும் உண்டு. இக்கதைகளில் ஷாவோலின் மடம் வரும்; அதன் முதல் குருவாகப் போதிதர்மர் வருவார். காஞ்சிபுரத்திலிருந்து போன தமிழர்தான் சீனருக்குத் தற்காப்புக் கலையைக் கற்றுக்கொடுத்தார் என்று நம்மில் பலர் மார்தட்டுகிறோம். 2011இல் வந்த 'ஏழாம் அறிவு' படத்துக்குப் பிறகு அந்தப் பேச்சு இன்னும் கூடிவிட்டது. ஆனால் வரலாற்றைப் பார்த்தால், அவரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு, 547ஆம் ஆண்டு வாக்கில் எழுதப்பட்டது, அவரை மேற்கு நாட்டுத் துறவி என்கிறது. அதே நூற்றாண்டின் இன்னொரு குறிப்பு தென்னிந்திய அரசனின் மகன் என்கிறது. இரண்டிலும் சண்டைக் கலை இல்லை. அவர் உடற்பயிற்சி கற்பித்தார் என்ற கதை 1624ஆம் ஆண்டு நாளிட்ட ஒரு நூலில்தான் தலைகாட்டுகிறது. அந்த நூலின் முன்னுரைகள் போலியானவை என்று சீன ஆராய்ச்சியாளர்களே காட்டிவிட்டார்கள். பறக்கும் வீரனை நம்பாதே என்று பிள்ளையைக் கண்டிக்கும் நாம், நமக்குப் பிடித்த கதையை மட்டும் ஆராயாமல் நம்புகிறோம்.

பிற்காலத்தில் ஹாங்காங் படக்கதைகள் மலாய் மொழியிலும் வந்தன. 'பெடாங் செத்தியாவான்', 'ஆலம் பெர்விரா' போன்ற பெயர்களை 1990களில் வளர்ந்த பிள்ளைகள் நன்கு அறிவார்கள். ஜப்பானிய 'டிராகன் பால்' படக்கதையும் 'முத்தியாரா நாகா' என்ற பெயரில் மலாயில் வந்தது. அதன் நாயகன் சீனப் புராணத்துக் குரங்கு வீரனை வைத்துப் படைக்கப்பட்டவன். அந்தக் குரங்கு வீரன் நம் அனுமனின் வழிவந்தவனா இல்லையா என்று 1920களில் சீன அறிஞர் ஹூ ஷி ஒரு பக்கமும் லூ சுன் மறு பக்கமும் நின்று வாதிட்டார்கள். அது வேறோர் உரைக்குரிய பொருள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் தேடியும் கிழித்த இதழ் கிடைக்கவில்லை. அடுத்த இதழ்தான் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு, கிழிந்ததையும் பசை போட்டு ஒட்டி எடுத்துக்கொண்டு, எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். நான் செய்ததைத் தெரிந்த மலாயில் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மாள் தையல் இயந்திரத்தை நிறுத்தி, புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்து, பெருமூச்சு விட்டார். தானும் சென்ற மாதம் இரண்டு புத்தகங்களைக் குப்பையில் போட்டதாகச் சொன்னார். பையன்கள் இருவரும் அதற்குள் புதிய இதழைப் பறித்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விட்டார்கள். சீனப் பையன் ஒவ்வொரு கட்டமாக வாசித்து மலாயில் சொல்ல, என் மகன் இடையிடையே நிறுத்தி, "கால் எங்கே இருக்கிறது, பார்," என்று கேட்பது, பெரியப்பா வந்து போன பிறகு பல மாதங்கள் எங்கள் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.